கொட்டகை வாசல் ஆறடிதான்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். போனில் நீ "சரிப்பா, சரிப்பா" என்கிறாய், அதற்கு மேல் எனக்குப் பேச்சு ஓடுவதில்லை. அதற்குள் உன் அம்மா போனைப் பிடுங்கி "சாப்பிட்டியா" என்று ஆரம்பித்துவிடுகிறாள். அதனால்தான் பேப்பரை எடுத்தேன். கையெழுத்து புரியாவிட்டால் போட்டோ எடுத்து அண்ணனுக்கு அனுப்பாதே. என்னிடமே கேள்.

ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டாயே, "மலைப் பாதையில போற மாதிரி எனக்கு ஒரு வண்டி பார்த்துச் சொல்லுங்கப்பா" என்று, அதிலிருந்து எனக்கு வேறு யோசனையே இல்லை. எங்களுக்கு என்று கேட்கவில்லை, எனக்கு என்று கேட்டாய். சரி, பேச்சுவாக்கில் வருகிறதுதான். செவ்வாய்க்கிழமை காலையில் போடியில் பஸ் ஏறி மதுரைக்குப் போய், தார், கூர்க்கா, ஜிம்னி என்று மூன்று வண்டியையும் பார்த்துவிட்டு வந்தேன். உன் அம்மாவிடம் கண் டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். மாற்றிச் சொல்லிவிடாதே.

முதலில் தார். ஷோரூம் பையன் டச் ஸ்கிரீனைத் தடவித் தடவிக் காட்டிக்கொண்டிருந்தான். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்கு அடியில் தலையை விட்டேன். பதறிவிட்டான், மயக்கம் போட்டு விழுந்துவிட்டேன் என்று நினைத்திருப்பான் போல. எஞ்சின் இழுப்பைக் கொண்டுபோகிற ஷாஃப்ட் முன் சக்கரத்துக்கும் போகிறதா என்று பார்க்காமல் எப்படி வண்டி வாங்குவது? 2023இலிருந்து பின் சக்கரம் மட்டும் இழுக்கிற தாரும் வருகிறது. விலை குறைவு, வெளியிலிருந்து பார்த்தால் அதே முகம், அதே உயரம். சேற்றில் இறங்கினால்தான் வித்தியாசம் தெரியும். நீ புக் பண்ணும்போது நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதானா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை கேட்டுக்கொள். தார் வாங்கித் தார் ரோட்டிலேயே ஓட்டுகிறவர்களுக்கு அது தேவையில்லை. நீ அப்படி இல்லை. சக்லேஷ்பூரில் சகதியில் நின்று எடுத்த போட்டோவைப் பார்த்தேன், ஸ்டேட்டஸில். எனக்கு அனுப்பவில்லை, இருந்தாலும் பார்த்தேன்.

வண்டி நல்ல வண்டி, அதில் குறை சொல்ல மாட்டேன். அடிப்பாகம் தரையிலிருந்து 226 மில்லிமீட்டர். டீசலும் உண்டு, பெட்ரோலும் உண்டு. 2020இல் மோதிப் பார்க்கிற சோதனையில் நாலு ஸ்டார் வாங்கியது. ஆனால் மூன்று கதவு வண்டியில் பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி ஏற வேண்டும். உன் அம்மா முழங்காலுக்கு அது நடக்காது. ஐந்து கதவோடு ராக்ஸ் என்று ஒன்று 2024இல் வந்திருக்கிறது, ரொம்ப அகலம். டீசல் எடுத்தால் இன்னொன்று. ஊருக்குள்ளேயே நின்று நின்று ஓட்டினால் புகைக்குழாயில் இருக்கிற வடிகட்டியில் கரி அடைத்துக்கொள்ளும். வாரத்தில் ஒரு நாளாவது நெடுஞ்சாலையில் நன்றாக ஓட்ட வேண்டும். பெங்களூர் டிராஃபிக்கில் உனக்கு அது முடியுமா?

கூர்க்கா எனக்குப் பிடித்தது. முன்னால், பின்னால் இரண்டு ஆக்சிலையும் பூட்டலாம். ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றினாலும் மற்றது இழுத்துவிடும். காற்று இழுக்கிற குழாய் கூரை வரைக்கும் போகிறது, 700 மில்லிமீட்டர் தண்ணீரில் போகலாம் என்கிறார்கள். அந்தக் கணக்கெல்லாம் தேங்கி நிற்கிற தண்ணீருக்குத்தான், தாயி. ஓடுகிற தண்ணீர் முழங்கால் அளவு இருந்தாலே வண்டியைத் தள்ளும், அதில் இறங்காதே. நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்ப ஸ்டார்ட் பண்ணவே கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். ஆனால் கூர்க்காவை நீ தினமும் ஆபீஸுக்கு ஓட்டினால் கிளட்சை மிதித்து மிதித்து இடது கால் போய்விடும்.

நான் சொல்வது ஜிம்னி. பெட்ரோல் வண்டி, 105 குதிரைசக்தி, எடை 1200 கிலோ பக்கம்தான். எடை குறைந்தது சேற்றில் புதையாது, புதைந்தாலும் நாலு பேர் சேர்ந்து தள்ளிவிடலாம். முன்னாலும் பின்னாலும் கட்டை ஆக்சில், நம்ம பழைய கமாண்டர் ஜீப் மாதிரி. லோ கியர் இருக்கிறது. ஐந்து கதவு. நிறையப் பாரம் ஏற்றினால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும், அது உண்மை. நீ ஒருத்திதானே, அதாவது நீங்கள் இரண்டு பேர்தானே, பாரம் என்ன பெரிய பாரம். முக்கியமாக அகலம் குறைவு. 1645 மில்லிமீட்டர். நம்ம பக்கத்து ரோட்டுக்கு அகலம் குறைந்த வண்டிதான் சரி.

எதை வாங்கினாலும் சிலது சொல்கிறேன். காய்ந்த தார் ரோட்டில் ஃபோர் வீல் போடாதே. வளைவில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் சுற்றும், இரண்டையும் சேர்த்துப் பூட்டிவிட்டால் உள்ளே முறுக்கிக்கொள்ளும். முன்னால் இரும்புக் கார்டு மாட்டித் தருகிறேன் என்பார்கள், வேண்டாம். 2017இலேயே தடை செய்துவிட்டார்கள், ஏர்பேக்குக்கும் ஆகாது. ஏறி வருகிற வண்டிக்கு இறங்குகிறவன்தான் நின்று வழி விட வேண்டும். எந்த கியரில் ஏறுவாயோ அந்த கியரிலேயே இறங்கு. இறக்கத்தில் நியூட்ரல் போடாதே.

தனியாகப் போகாதே. காட்டுப் பாதையில் கூட ஒரு வண்டி இருக்க வேண்டும். மாட்டிக்கொண்டால் இழுத்துவிட ஆள் இல்லாமல் எப்படி? நான் வண்டியைச் சொன்னேன்.

ஆர்.சி. உன் பேரிலேயே இருக்கட்டும். கடன் கட்டுவது நீ என்றால் வண்டியும் உன் பேரில்தான் இருக்க வேண்டும். நாமினி யாரென்று நான் கேட்கவில்லை. தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு ஆபீஸில் வேலை என்றாய். பொங்கலுக்கும் வேலை. உன் அம்மா போன் பண்ணும்போதெல்லாம் அவர் இப்போதுதான் வெளியே போயிருக்கிறார். பெரிய கம்பெனி, வேலை இருக்கத்தான் செய்யும். அந்த போட்டோவில் உன் பக்கத்து சீட்டில் பையும் தண்ணீர் பாட்டிலும் இருந்தன. பாட்டிலை அப்படி வைக்காதே, உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய்விடும்.

ஊர்ச் சேதி நிறைய இருக்கிறது, இன்னொரு நாள் எழுதுகிறேன். உன் சித்தப்பா மகனுக்கு இன்னும் ரிவர்ஸ் எடுக்க வரவில்லை. நீ யாரும் சொல்லித் தராமல் லைசென்ஸ் எடுத்து ஓசூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் ஓட்டுகிறாய் என்று டீக்கடையில் சொன்னேன். நீ சொல்லித் தரலையா என்று ஒருவர் கேட்டார். பேச்சை மாற்றிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ இன்னொன்றும் கேட்டாய். "பிரேக் பிடிக்காமப் போனா என்னப்பா பண்ணணும், அன்னைக்கு நமக்குப் போச்சே, அந்த மாதிரி?" நானும் வாத்தியார் மாதிரி விளக்கினேன். கியரைக் குறை, ஹேண்ட் பிரேக்கை விட்டு விட்டு இழு, மலைப் பக்கம் ஒட்டிக்கொண்டு போ என்று. போனை வைத்த பிறகு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அன்று நமக்கு பிரேக் போகவில்லை, தாயி.

உனக்கு அரைப் பரீட்சை லீவு. அடம்பிடித்து என்னோடு மேலே வந்தாய். சாயங்காலம் பூப்பாறையிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு இறங்கினோம். உன்னையும் சேர்த்துப் பதினாறு பேர், பின்னால் இரண்டு மூட்டை. போடிமெட்டு செக்போஸ்ட் தாண்டியதும் நியூட்ரலில் தள்ளினேன். அன்று மட்டுமில்லை, தினமும் அப்படித்தான். டீசல் மிச்சம் என்று கணக்கு. பதினேழு கொண்டை ஊசி வளைவும் எனக்கு மனப்பாடம் என்ற திமிரும்தான். நீ முன்னால் உட்கார்ந்திருந்தாய், கியர் ராடு உன் முழங்காலில் இடித்துக்கொண்டு இருந்தது. "ஏம்ப்பா வண்டி சத்தமே இல்லாமப் போகுது?" என்று கேட்டாய். "வண்டிக்குத் தூக்கம் வருது" என்றேன். நீ சிரித்தாய்.

அதற்கு அப்புறம் நாலைந்து வளைவில் பிரேக் லைனர் தீய்ந்த வாடை வந்தது. மிதித்தேன், பெடல் இறங்கியது, வண்டி நிற்கவில்லை. செகண்டில் போடப் பார்த்தேன். அந்த வேகத்தில் கியர் பல்லைக் கடித்ததே தவிர விழவில்லை. மலைப் பக்கம் மண்ணில் கொண்டுபோய்ச் சாத்தினேன். வண்டி சாய்ந்தது. உன் தாடையில் மூன்று தையல். மேற்குத் தெரு பெரியம்மாவுக்கு வலது மணிக்கட்டு போனது. அதற்குப் பிறகு அவர் ஏலக்காய் எடுக்க மலைக்கு வரவே இல்லை. எல்லோரும் ஓடி வந்து என்னாச்சு என்று கேட்டார்கள். "பிரேக் போச்சு" என்றேன். அப்படிச் சொன்னால் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். நீ "வேலை அதிகம்ப்பா" என்கிறாய், நாங்களும் மேலே கேட்பதில்லை.

அந்த வாரம்தான் மெக்கானிக் பாய் புது லைனர் போட்டுக் கொடுத்திருந்தார். பழி அங்கே போனது. மறுநாள் வந்து பிரேக் டிரம்மைக் கழற்றினார். டிரம் உள்பக்கம் நீலம் பாரித்திருந்தது, லைனர் கண்ணாடி மாதிரி மின்னியது. கட்டை விரலால் அதைத் தடவிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். நியூட்ரலில் பிரேக்கை மட்டுமே மிதித்து இறங்கிச் சூடேற்றியிருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை மனிதர். டிரம்மைத் திரும்ப மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு போடியில் எந்த ஜீப்காரனும் அவரிடம் வண்டியை விடவில்லை. இரண்டு வருஷத்தில் ஷெட்டை மூடிவிட்டுக் கம்பத்துக்குப் போனார். அவர் மவுத்தானபோது நானும் போயிருந்தேன். அவர் மகன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தான். குடித்துவிட்டு வந்தேன்.

பெரியம்மா வீட்டுக்குப் பொங்கலுக்குப் பொங்கல் அரிசியும் சேலையும் கொடுக்கிறேன் அல்லவா, உன் அம்மா அதை என் தர்ம குணம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

இன்னொன்று தெரியுமா, இப்போதைய வண்டிகளில் கியரில் விட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் இறக்கத்தில் எஞ்சினுக்கு எரிபொருளே போகாது. நியூட்ரலில் விட்டால்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடித்துக்கொண்டே இருக்கும். நம்ம பழைய வண்டியிலும் பெரிதாக ஒன்றும் மிச்சமாகியிருக்காது.

பன்னிரண்டாவது முடித்ததும் நீ ஜீப் ஓட்டக் கற்றுக்கொடுக்கச் சொன்னாய். பொம்பளப் பிள்ளைக்கு எதுக்கு என்றேன். அண்ணனுக்குக் கற்றுக்கொடுத்தேன், உனக்கு இல்லை. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை நீ. காரணம் அது இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து இறக்கத்தில் கியரில் போ என்று நான் சொல்வேன், நீ என் முகத்தைப் பார்ப்பாய் என்று பயம். அன்று என் கை கியர் ராடில் என்ன செய்தது என்று பார்த்தது நீ ஒருத்திதான். உனக்கு ஞாபகம் இருக்கிறதா இல்லையா என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை தெரிந்துதான் கேட்டாயோ என்னவோ. அப்படியானால் சொல்லு, நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். நீ எதைச் சொன்னாலும் நினைக்க மாட்டேன்.

கடிதம் நீண்டுவிட்டது. வண்டி விஷயத்துக்கு வருகிறேன்.

ஜீப்பை விற்றதிலிருந்து கொட்டகை சும்மாதான் கிடக்கிறது. விறகையும் உடைந்த கட்டிலையும் வெளியே எடுத்துப் போட்டுவிட்டேன், ஓடு மாற்றியாகிவிட்டது. நேற்று டேப் வைத்து அளந்தேன். இரண்டு தூணுக்கும் நடுவில் சரியாக ஆறடி. ஜிம்னி என்றால் தாராளமாக உள்ளே போகும். தார் 1820, கண்ணாடியை மடக்கினாலும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அரை விரல்கூட மிஞ்சாது, ராத்திரியில் உரசிவிடும். நான் ஏன் ஜிம்னி ஜிம்னி என்று இவ்வளவு எழுதினேன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். ஆனால் உனக்குத் தார்தான் வேண்டும் என்றால் அதையே வாங்கு. வலது தூணை இடித்து ஒன்றரை அடி தள்ளிக் கட்டிவிடலாம், கொத்தனாரிடம் பேசிவிட்டேன். அடுத்த வியாழக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறார், அதற்குள் எந்த வண்டி என்று சொல்லிவிடு. எத்தனை நாள் நிற்கும் என்று நான் கேட்கப் போவதில்லை, மாதக்கணக்கில் நின்றாலும் பேட்டரியை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும், அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உள்ளே லைட் போட்டிருக்கிறேன். சுவிட்ச் இடது தூணுக்கு உள்பக்கம், உன் கைக்கு எட்டுகிற உயரத்தில்.

இப்படிக்கு,
அப்பா