செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: தரங்கம்பாடியில் இரண்டு இரவுகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் வணக்கம்.

ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரை நம் குடியிருப்போர் நலச் சங்கம் செய்த பணிகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். நிர்வாகக் குழு பதினொரு முறை கூடியது. தெருவிளக்கு, தண்ணீர்த் தொட்டி சுத்தம், பொங்கல் விழா எல்லாம் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டு நாம் அதிகம் உட்கார்ந்து பேசியது மூத்த உறுப்பினர்களின் சுற்றுலாவைப் பற்றித்தான். அதையே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நம் சுற்றுலா எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். விடியற்காலை நாலு மணிக்கு வண்டி ஏறினால் ஒரே நாளில் ஏழு கோயில், நடுராத்திரியில் வீடு. மூன்றாவது கோயிலிலேயே பாதிப் பேர் கால் வலித்து வண்டியில் உட்கார்ந்துவிடுவார்கள். ஏப்ரல் கூட்டத்தில் மூன்றாம் தெரு அம்மா ஒருவர் எழுந்து, "நாற்பது வருஷமா கல்யாணத்துக்கும் கருமாதிக்கும்தான் வெளியூர் போயிருக்கேன் தம்பி. ஒரு நல்ல ஊருக்குப் போய் ரெண்டு நாள் சும்மா இருந்துட்டு வரணும்" என்றார். அன்றே முடிவு செய்தோம்.

கூட்டமில்லாத கடற்கரை, கௌரவமான தங்குமிடம், திருச்சியிலிருந்து வேனில் உட்கார்ந்து போகக்கூடிய தூரம். இவை மூன்றும் சேர்ந்த ஊர் எது என்று தேடியதில் தரங்கம்பாடி வந்தது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரின் சம்மதத்தோடு டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய ஊர். 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுப் போனார்கள். அந்தக் காலத்துப் பங்களாக்கள் சிலவற்றைப் பழுதுபார்த்துத் தங்கும் விடுதிகளாக்கியிருக்கிறார்கள். வாடகை நம் கைக்கு எட்டாதது போல்தான் முதலில் தெரிந்தது. பத்து மாதம் மாதம் 750 ரூபாய் என்று சீட்டு போல் கட்டலாம் என்று பொருளாளர் சொன்ன யோசனைதான் வழிவிட்டது. பதினெட்டுப் பேர் சேர்ந்தார்கள். அதற்கு மேல் சேர்க்கவில்லை. சின்ன ஊர் அது. ஐம்பது பேராக மைக் செட்டும் அடுப்புமாகப் போய் இறங்கினால் எந்த அமைதியைத் தேடிப் போகிறோமோ அதை நாமே கெடுத்துவிடுவோம். இதில் சிலருக்கு என் மேல் வருத்தம் உண்டு. இருந்தாலும் முடிவு சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

தேதி குறிப்பதில்தான் நிறைய யோசித்தோம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயல் பயம். ஏப்ரல் 15இலிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது, நல்ல மீன் கிடைப்பது சிரமம். வெயிலும் தாங்காது. மிச்சம் ஜனவரி முதல் மார்ச் வரைதான். சனி ஞாயிறில் கூட்டம் வரும், வாடகையும் ஏறும் என்பதால் வாரநாள். அப்புறம் பௌர்ணமி பார்த்து, பிப்ரவரி 12, புதன்கிழமை என்று குறித்தோம்.

வேன் பேசியிருந்தவர் இரண்டு நாள் முன்பு வர முடியாது என்று கையை விரித்துவிட்டார். முன்பணத்துக்கு ரசீது வாங்காதது என் தவறு. துணைச் செயலாளர் ராத்திரி பத்து மணி வரை அலைந்து வேறு வேன் பிடித்தார். அவருக்குச் சங்கத்தின் நன்றி.

வேளாங்கண்ணி, நாகூர், திருநள்ளாறு எல்லாம் பக்கம்தானே என்று சிலர் கேட்டார்கள். மறுநாள் காலையில் திருக்கடையூர் மட்டும் போய்வந்தோம். வேறெங்கும் வண்டியை எடுக்கவில்லை.

ஊருக்குள்ளேயே பார்க்க எவ்வளவோ இருந்தது. கரையிலேயே மாசிலாமணிநாதர் கோயில். 1306இல் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டியது. முன்பகுதியைக் கடல் அரித்துக்கொண்டு போய்விட்டது. ராஜ வீதியில் 1718இல் கட்டிய புது எருசலேம் தேவாலயம். 1706இல் வந்து, தமிழ் கற்று, தமிழில் அச்சடித்த ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கின் கல்லறை அதற்குள்தான். நம் உறுப்பினர் ஒருவர் முப்பது வருடம் அச்சகத்தில் எழுத்துக் கோத்தவர். ஜெர்மனியிலிருந்து அவருக்கு முதலில் வந்த தமிழ் அச்செழுத்துகள் பெரியவையாக இருந்ததால், சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள் என்று சொன்னதும், "ஆமா, எழுத்து பெருத்தா காகிதம் குடிக்கும்" என்றார். காகிதப் பஞ்சத்தால் பக்கத்துப் பொறையாற்றில் ஒரு ஆலையே வைத்தார்கள் என்றேன். அவர் பதில் பேசவில்லை. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ எடுத்து இடது கையில் அடுக்குவது போல் அசைந்துகொண்டிருந்தன. அவரை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் வெளியே வந்து வேப்பமர நிழலில் காத்திருந்தோம்.

முதல் நாள் மாலையைச் சொல்லாமல் விட முடியாது. ஆறு மணிக்கு மேல் கோட்டைக்கு எதிரே உள்ள திடலில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அலை முரட்டுத்தனமானது என்பதால் யாரும் குளிக்க இறங்கக் கூடாது, கால் நனைப்பதோடு சரி என்று முன்பே சொல்லியிருந்தேன். கடலுக்கு மேலே மங்கலாக ஒரு செம்புத் தட்டு மாதிரி நிலா எட்டிப் பார்த்தது. திருக்கடையூரில் அபிராமி பட்டருக்காக அம்பாள் தோட்டைக் கழற்றி வீசி, அமாவாசையில் நிலாவை வரவழைத்த கதையை யாரோ ஆரம்பித்தார்கள். பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். மூன்றாம் தெரு அம்மா மட்டும் செருப்பைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, எட்டரை மணி வரை எழுந்திருக்கவே இல்லை.

சுற்றுலாவுக்கு வசூலானது 1,35,000 ரூபாய். செலவு 1,29,640. மீதி 5,360 ரூபாய் வங்கியில் இருக்கிறது. இந்த முறை பணம் கட்ட வழியில்லாமல் மூன்று பேர் பெயரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இந்த மீதியை அவர்களுடைய அடுத்த ஆண்டுத் தவணைக்கு முன்பணமாக வைக்கப் பொதுக்குழு அனுமதி தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்