செல்விக்கு, கையெழுத்துப் போடும் முன்

அழகாபுரம், சேலம்

அன்புள்ள செல்வி,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது? மல்லிகா போன வாரம் வந்திருந்தாள். தட்டுவடை செட் கடையை விட்டு அவளை நகர்த்தவே முடியவில்லை, உனக்குத் தெரியாததா. மற்ற கதையெல்லாம் நேரில்.

ஏற்காடு நாகலூர் வீட்டை வாடகைக்கு விட கார்த்தி அனுப்பிய ஒப்பந்தத்தை வரி விடாமல் படித்தேன். படித்ததிலிருந்து மனசு சரியில்லை. போனில் சொன்னால் "சரி சரி" என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். நான் சொல்லும்வரை அதில் கையெழுத்துப் போடாதே.

"வாடகைக்கு விடுறதுதானே ஆன்ட்டி, லீஸ்னா என்ன, ரெண்ட்னா என்ன" என்றான் உன் பிள்ளை. நல்ல பையன்தான். ஆனால் இந்தக் காகிதத்தை எழுதியவருக்கு வித்தியாசம் நன்றாகவே தெரியும் என்று எனக்குப் படுகிறது. தலைப்பில் லீஸ். பணம் வரும் இடத்திலெல்லாம் லைசென்ஸ் ஃபீ. ஜீப் வரும்போது ரெண்ட். ஆறாவது பக்கத்தில் ஹயர். இங்கிலீஷில் இவை ஒவ்வொன்றும் வேறு வேறு.

நாம் லீவு நாளில் நாலு ரோட்டில் வாடகை சைக்கிள் எடுப்போமே, மணிக்கணக்கில் காசு கொடுத்து, அதற்குப் பெயர் ஹயர். கொஞ்ச நேரத்துக்குக் கையில் வாங்கி, வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுப்பது. கல்யாண மண்டபம், மேடை, நாற்காலி எல்லாவற்றுக்கும் இங்கிலாந்துக்காரர் ஹயர்தான் சொல்வார். காருக்கும் அப்படியே. வீடு என்றால் ரெண்ட். அமெரிக்கரோ காரையும் ரெண்ட் என்பார். ஹயர் என்று அவர் சொன்னால் பெரும்பாலும் ஓர் ஆளை வேலைக்கு எடுக்கிறார் என்று பொருள். கார்த்தி அமெரிக்கக் கம்பெனிக்காக உழைக்கிறவன், அவன் காதுக்கு எல்லாம் ஒன்றாகப் படுவதில் ஆச்சரியம் இல்லை. லாரிக்காரர்களைக் கேள், ஹயர் பர்ச்சேஸ் என்றால் என்ன என்று விளக்குவார்கள். கடைசித் தவணை கட்டும்வரை வண்டி ஃபைனான்ஸ்காரருடையது, ஓட்டுகிறவர் வாடகைக்கு வைத்திருப்பதாகக் கணக்கு.

ரெண்ட் இரண்டு பக்கமும் ஓடும் சொல். கொடுப்பவரும் ரெண்ட் செய்கிறார், எடுப்பவரும் ரெண்ட் செய்கிறார். நமக்கு அந்தக் குழப்பம் இல்லை, வாடகைக்கு விட்டாயா எடுத்தாயா என்பது வினையிலேயே தெரிந்துவிடும். கொடுப்பவர் பக்கத்துக்கு மட்டும் என்று இங்கிலீஷில் லெட் இருக்கிறது. நம் தெருவில் டுலெட் போர்டு தொங்குவது அதனால்தான். இப்போது உன் ஒப்பந்தத்தின் நான்காவது பிரிவை எடு. "இரண்டாம் தரப்பு ஜீப்பை ரெண்ட் செய்யலாம்" என்று இருக்கிறது. இரண்டாம் தரப்பு என்றால் வீட்டை எடுக்கிறவர். உன்னிடமிருந்து வாடகைக்கு எடுக்கலாம் என்றா? அல்லது பகோடா பாயின்ட் பார்க்க வருகிறவர்களுக்கு அவரே வாடகைக்கு விட்டுக் காசு பார்க்கலாம் என்றா? இரண்டு விதமாகவும் படிக்கலாம். வண்டி மோதினால் எந்த விதமாகப் படிப்பார்கள் என்று யோசி.

இது சின்ன விஷயம். பெரியது லீஸ்.

இங்கே "லீசுக்கு வீடு" என்றால் ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாச வாடகை இல்லாமல் இருப்பது, காலி பண்ணும்போது பணத்தைத் திருப்பி வாங்குவது. உன் சித்தி வீட்டை ஒத்திக்கு விட்டு மீட்க முடியாமல் பட்ட பாடு ஞாபகம் இருக்கிறதா, அந்த வகை. இங்கிலீஷில் லீஸ் என்பதற்கு அந்தப் பொருள் கிடையாது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் 105ஆவது பிரிவில் சொல்கிற லீஸ், பணத்துக்கோ வேறு பயனுக்கோ ஈடாக, சொத்தை அனுபவிக்கும் உரிமையையே குறிப்பிட்ட காலத்துக்கு மாற்றிக் கொடுப்பது. உரிமையே கை மாறுகிறது, செல்வி. அந்தக் காலம் முடியும்வரை வீடு உன் பேரில் இருக்கும், ஆனால் நீ அங்கே போய்த் தங்க லீசுக்கு எடுத்தவரைக் கேட்க வேண்டும். இடத்தை விற்றாலும் வாங்குகிறவர் அந்த லீசோடுதான் வாங்க வேண்டும். கூடாது என்று எழுதி வைக்காவிட்டால், எடுத்தவர் இன்னொருவருக்கு உள்குத்தகை விடலாம், சட்டம் அனுமதிக்கிறது. உன் ஒப்பந்தத்தில் அந்தத் தடை எங்கேயும் இல்லை. நான் மூன்று தடவை தேடினேன்.

லைசென்ஸ் அப்படி இல்லை. அது வெறும் அனுமதி. இடம் உன்னுடையதாகவே இருக்கிறது, அவர் வந்து தொழில் செய்துகொள்ள விடுகிறாய், அவ்வளவுதான். அதற்குத் தனிச் சட்டப் பிரிவே இருக்கிறது. "ஃபீ என்றுதானே போட்டிருக்கிறது, அப்போது இது லைசென்ஸ்தான்" என்று கார்த்தி வாதாடுவான். பேரை மாற்றி எழுதினால் ஆகிவிடாது. டெல்லியில் ஒரு ஹோட்டலுக்குள் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர் வழக்கில், பத்திரத்தில் லைசென்ஸ் என்று எழுதியிருந்தும் அது லீஸ்தான் என்று சுப்ரீம் கோர்ட் 1959இல் சொல்லிவிட்டது. இடம் முழுசாக யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் பார்ப்பார்கள். உன் காகிதத்தில் சாவி, கேட், காபித் தோட்டம் எல்லாம் அவர் கையில். ஒன்பது வருஷம்.

அந்த ஒன்பது வருஷமும் நோட்டரி கையெழுத்தில்! ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட லீசை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும். ஊரெல்லாம் பதினோரு மாசத்துக்கு அக்ரிமென்ட் போடுவது அந்தப் பதிவைத் தவிர்க்கத்தான். "நோட்டரி போதும்" என்று யார் சொன்னார்களோ அவரிடம் இதைக் கேள். இன்னொன்று, லெஸ்ஸர் என்றால் விடுகிறவர், லெஸ்ஸி என்றால் எடுக்கிறவர். ஐந்தாம் பக்கத்தில் இரண்டும் இடம் மாறிக் கிடக்கிறது. அப்படியே விட்டால் கூரை ஒழுகினால் யார் சரிசெய்வது என்பதும் மாறிவிடும்.

உங்க அப்பா சில்வர் ஓக் மரத்து மிளகை ஒவ்வொரு வருஷமும் குத்தகைக்கு விடுவார். ஒரு பறிப்போடு முடிந்துவிடும். மரம் அவருடையது, மண் அவருடையது. நீ அதையே நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போடப் போகிறாய் என்பதுதான் என் பயம். இந்தக் காகிதத்தில் மிளகு, காபி, வீடு எல்லாம் ஒரே மூச்சில் போகிறது.

இப்போது ஆறாவது பக்கம். இதை எழுதும்போது கை சூடாகிறது. கட்டில் நாலு, கேஸ் அடுப்பு ரெண்டு, தண்ணீர் மோட்டார் ஒன்று, அதற்குக் கீழே "காவலாளி ஒருவர், ஹயர்" என்று போட்டிருக்கிறார்கள். வெள்ளையன் தாத்தாவை! கட்டிலோடும் மோட்டாரோடும் சேர்த்து ஒரே பட்டியலில். நாம் ஹாஸ்டலிலிருந்து மலைக்கு ஓடி வந்த அந்த ராத்திரி லாந்தர் பிடித்துக்கொண்டு அடிவாரம்வரை வந்த மனிதர். ஆளுக்குக் கூலி பேசுவோம், சம்பளம் பேசுவோம். வீட்டோடு சேர்த்து ஆளையும் வாடகைக்கு விடுவதை உங்க அப்பா செய்வாரா? தாத்தாவுக்குச் சம்பளம் யார் தருவது, உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பது, வேண்டாம் என்று வீட்டை எடுத்த ஆள் ஒரு நாள் சொல்லிவிட்டால் தாத்தாவின் குடிசை என்ன ஆகும், ஒரு வார்த்தை இல்லை. முதலில் அவரிடம் கேட்டாயா? அவர் அங்கே இருக்க விரும்புகிறாரா என்று? கேட்டுவிட்டு, அவருக்குத் தனியாக ஒரு காகிதம் எழுது. சம்பளம், குடிசையில் இருக்கும் உரிமை, லீவு எல்லாம் தமிழில், அவருக்குப் படித்துக் காட்டுகிற மாதிரி. இதில் மட்டும் நான் உன்னோடு சண்டை போடுவேன் செல்வி.

வீட்டை விடவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கூரை போட உனக்குப் பணம் வேண்டும், அது எனக்குத் தெரியும். வீட்டை மட்டும் விடு, தோட்டத்தை விடாதே. மூன்று வருஷம் போதும். உள்குத்தகை கூடாது என்று எழுதச் சொல். ஜீப்பை ஒப்பந்தத்திலிருந்தே எடுத்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து காலை பஸ் ஏறினால் மதியத்துக்குள் வந்துவிடலாம். ஐந்து ரோட்டில் இறங்கி போன் பண்ணு, நான் வருகிறேன். நம்ம அக்கா வீட்டு வக்கீல் சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறார். பழைய பட்டா, அப்பாவின் உயில், வரி ரசீது மூன்றும் கட்டாயம் எடுத்து வா. கார்த்தியையும் கூட்டிக்கொண்டு வா, அவனுக்குப் பிடித்த மாங்காய் தொக்கு போட்டு வைத்திருக்கிறேன்.

உன்,
விஜயா