சமன்பாட்டை அமைப்பதற்கும் மதிப்பெண் வேண்டும்

ஆசிரியருக்கு,
நடுநிலைப் பள்ளி மாணவர்கள் கணிதத்தில் திணறுவது பற்றிய தங்கள் செய்தி படித்தேன். கூடுதல் பயிற்சித் தாள்கள் கொடுத்தால் சரியாகிவிடும் என்பதை, 7, 8-ஆம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுப்பவன் என்ற முறையில் என்னால் ஏற்க முடியவில்லை. சமன்பாட்டைத் தீர்ப்பதில் பிள்ளைகளுக்குப் பெரிய சிக்கல் இல்லை. வாக்கியத்தைச் சமன்பாடாக எழுதுவதில்தான் தடுமாறுகிறார்கள். '3 எக்ஸ் + 4 = 19' என்று கரும்பலகையில் எழுதினால் பாதி வகுப்பு உடனே 5 என்கிறது. ஆனால் 'பேனாவின் விலை பென்சில் விலையைப் போல் 4 மடங்கு' என்றால், பலரும் பேனா விலையை 4-ஆல் பெருக்கிப் பென்சில் விலைக்குச் சமமாக்குகிறார்கள். பென்சில் 5 ரூபாய் என்று வைத்துப் பார்க்கச் சொன்னால் பிழையை அவர்களே பிடித்துவிடுகிறார்கள். அந்தச் சரிபார்ப்புக்கு வகுப்பில் நேரம் ஒதுக்குவதே இல்லை. 'அந்தப் பக்கம் போனால் குறி மாறும்' என்று மனப்பாடம் செய்ய வைத்துவிட்டு அடுத்த பாடத்துக்கு ஓடுகிறோம்.

எனவே, வாக்கியக் கணக்குகளில் சமன்பாட்டைச் சரியாக அமைத்தாலே பாதி மதிப்பெண் என்று பள்ளிக் கல்வித் துறை அறிவிக்க வேண்டும். அப்புறம், கொடுத்த சமன்பாட்டுக்கு மாணவரே ஒரு கணக்கு எழுதும் கேள்வி ஒன்றையும் பருவத் தேர்வில் சேர்க்கலாம்.

– கணித ஆசிரியர் ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்