கரைவலைப் பாடும் சாய்கதிரையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த சுற்றுலாத்துறைக் கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். வரவு எண்ணிக்கை, டொலர் வருமானம், கட்டுநாயக்கா, தெற்குக் கடற்கரை எல்லாம் இருந்தன. திருகோணமலைக்கு ஒரே ஒரு வரி. கிழக்கிலும் நல்ல கடற்கரைகள் உண்டாம். பிழையில்லை. ஆனால் நான் கரைவலை, அதாவது கரையில் நின்று கயிறு பிடித்து இழுக்கும் பெரிய வலை, வைத்திருந்த சம்மாட்டி ஒருவரின் மகன், உப்புவெளியில் மூன்று அறைகளை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறவன். அந்த ஒரு வரியோடு பேசாமல் இருக்க மனம் வரவில்லை.

கட்டுரை 1966இல் சுற்றுலாச் சபை உருவானதிலிருந்து தொடங்கியது. சரி. அந்த ஆண்டு நாட்டுக்கு வந்தவர்கள் 19 ஆயிரம் பேர்கூட இல்லை. 1982இல் 4 இலட்சத்தைத் தாண்டினார்கள். அடுத்த ஆண்டு ஆடிக் கலவரத்தோடு தொகை சரிந்தது. 2018இல் 23 இலட்சம், 2021இல் 2 இலட்சத்துக்கும் கீழே, 2024இல் மறுபடி 20 இலட்சத்துக்கு மேல். இது நாட்டின் கணக்கு. எங்கள் கரைக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2004ஐ எடுங்கள். அதுவரை இல்லாத அளவாக 5 இலட்சத்து 66 ஆயிரம் பேர் இலங்கைக்கு வந்த ஆண்டு அது. அவர்களில் எத்தனை பேர் சோதனைச் சாவடிகளைக் கடந்து நிலாவெளி வரை வந்திருப்பார்கள் என்று இங்கே யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். வருடக் கடைசியில் கடலே வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் முதன்முதலாகக் காசு கொடுத்துத் தங்கியவர்கள் சுற்றுலாப் பயணிகள் அல்லர், சுனாமி நிவாரண வேலைக்கு வந்தவர்கள். வெள்ளைத் துவாய், ஓட்டையில்லாத நுளம்புவலை, காலை ஆறரைக்குக் கோப்பி என்று இந்தத் தொழிலின் அரிச்சுவடியை என் மனைவி அவர்களிடம்தான் படித்தாள். 2009இல் யுத்தம் முடிந்தபின் தெற்கிலிருந்து பஸ் பஸ்ஸாகச் சனம் வந்தது. பானை, அடுப்பு, அரிசி எல்லாம் கையோடு கொண்டுவந்து கோணேசர் கோயிலும் கன்னியா வெந்நீரூற்றும் பார்த்துவிட்டுக் கடலில் குளித்துப் போவார்கள். இவர்களால் என்ன வருமானம் என்று ஊரில் முணுமுணுப்பு உண்டு. இளநீர்க்காரரையும் ஓட்டோக்காரரையும் கேட்டால் வேறு பதில் வரும். (குப்பை விஷயத்தில் முணுமுணுப்பவர்கள் பக்கம்தான் நானும். பட்டணத்து மான்கள் பொலித்தீன் மெல்லுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.)

இனிக் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும், கட்டுரை அதைத் தொடவே இல்லை. தென்மேற்குக் கரையில் சீசன் மார்கழி தொடங்கிப் பங்குனி வரை. மாரியில் எங்களுக்கு வாடைக்காற்று, கடல் கொந்தளிக்கும், நிலாவெளிக்கு எதிரே இருக்கும் புறாமலைத் தீவுக்குப் படகு போகாது. சித்திரை பிறந்து தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று எழும்பினால் அங்கே கடல் கெடும், இங்கே குளம்போலக் கிடக்கும். ஒரு கரை கதவைச் சாத்தும்போது மறு கரை திறக்கிற தீவு இது. கிழக்கை ஒழுங்காகக் கணக்கில் எடுத்தால் நாட்டுக்குப் பன்னிரண்டு மாதமும் சீசன்தான் என்று கூட்டங்களில் பேசுவார்கள். நானும் கைதட்டியிருக்கிறேன்.

ஆனால் அந்தக் குளம்போன்ற கடலுக்காகத்தான் கரைவலையும் காத்திருக்கிறது. கரைவலைக்காரருக்கும் உழைப்புக் காலம் பங்குனியிலிருந்து புரட்டாதி வரைதான். ஒரே மாதங்கள், ஒரே மணல். தெற்கிலே செய்த திட்டத்தைக் கொண்டுவந்து இங்கே விரித்தால் இடிபடுவது இந்த இடத்தில்தான்.

வலை இழுக்கும் இடத்தை நாங்கள் பாடு என்போம். வெறும் மணல்போலத் தெரியும். ஆனால் அடியில் கல் இல்லாத, வலை கிழியாத துண்டாகப் பார்த்துத் தலைமுறை தலைமுறையாகக் கண்டுபிடித்து வைத்தது அது. பத்து மீற்றர் தள்ளி இழுங்கோ என்று சொன்னால் இழுக்க முடியாது. இரண்டு சீசனுக்கு முன்னர், பெயர் வேண்டாம், ஒரு ஹோட்டல்காரர் பாட்டின் நடுவில் சாய்கதிரைகளை வரிசையாகப் போட்டிருந்தார். வலை பாதி வந்துவிட்டது, இரண்டு பக்கக் கயிற்றிலும் ஆட்கள். விருந்தினர்கள் காலைச் சாப்பாடு முடிக்கும்வரை கொஞ்சம் பொறுக்கச் சொல்லி ஒரு பெடியனை அனுப்பினார்கள். வலையின் மடிக்குள் மீன் விழுந்தபின் யாரைப் பொறுக்கச் சொல்வது? கடைசியில் அந்த விருந்தினர்களே எழும்பிவந்து கதிரைகளைத் தூக்கிப்போட்டுவிட்டுக் கயிற்றைப் பிடித்தார்கள். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்கு வாய்கூட அசைத்தார்கள். அன்று எடுத்த படங்களைத்தான் ஊருக்குப் போய்க் காட்டியிருப்பார்கள், கதிரையில் படுத்திருந்த படங்களையல்ல.

ஆகவே நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. வலைக்கு அனுமதி ஒரு கந்தோரில், கரையோரக் கட்டடத்துக்கு இன்னொன்றில், ஹோட்டல் பதிவு மூன்றாவதில். மூன்று கடதாசியையும் ஒரே வரைபடத்தில் வைத்து, பாடுகள் எங்கே, மீனவர் தங்கும் வாடிகள் எங்கே, மீன்பெட்டி தெருவுக்கு வரும் ஒழுங்கை எது என்று முதலில் குறிக்கட்டும். அதன்பிறகு மிச்ச இடத்தில் எத்தனை அறை வேண்டுமானாலும் கட்டட்டும். பாசிக்குடாவில் யுத்தத்துக்குப் பின்னர் ஹோட்டல்கள் வரிசையாக எழும்பின. அங்கே தோணிக்கு எவ்வளவு கரை மிஞ்சியிருக்கிறது என்று ஒருவர் நடந்து பார்த்துவிட்டு வந்து இந்த வரைபடத்தைக் கீறலாம். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் இன்னும் இடம் இருக்கிறது. இறக்கக்கண்டிக்கும் குச்சவெளிக்கும் போனால் இன்னும் அதிகம். வேலி விழுந்தபின் கீறுகிற வரைபடம் வழக்குக்குத்தான் உதவும்.

புறாமலைக்கும் இதே கேள்விதான். அது 2003இல் தேசியப் பூங்காவானது. ஒரு நாளைக்கு எத்தனை படகு போகலாம் என்பதை முருகைக்கல்லைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டும், வரிசையில் நிற்கும் ஆட்களைப் பார்த்தல்ல. அதைப் பற்றி வேறொரு கடிதம் எழுதலாம்.

அடுத்த முறை கிழக்கைப் பற்றி எழுதும்போது உங்கள் செய்தியாளரை வைகாசியில் அனுப்புங்கள். இரவு ரயிலில் வந்தால் விடியவே திருகோணமலையில் இறங்கலாம். அன்று ஆறுதலாகப் படுத்துவிட்டு, மறுநாள் காலை ஐந்தரைக்கு உப்புவெளிக் கரைக்கு வரட்டும். கயிறு பிடிக்க ஆள் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உப்புவெளி, திருகோணமலை.