ராஜாக் கட்டையும் சவுக்குக் கம்பும்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்து, மறுபடியும் மாலையில் கோயில் வரை நடந்து போய் வருகிறார்கள் என்று நீ எழுதியிருந்ததை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். ஓய்வு பெறுவதற்கு முன் பள்ளி மைதானத்துக்கு உருப்படியாக ஏதேனும் செய்து வைத்துவிட்டுப் போக வேண்டும் என்ற உன் எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நான் இங்கே மரத்தில் செய்யும் புல்தரை ஆட்டச் சாமான்களைப் பற்றியும், அவற்றில் உன் ஊரில் எதைச் செய்யலாம் என்பதைப் பற்றியும் விவரமாக எழுதச் சொல்லியிருந்தாய். எழுதுகிறேன், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

நாங்கள் இருக்கும் ஓ கிளேர், விஸ்கான்சின் மாநிலத்தில் ஓர் ஆற்றங்கரை நகரம். ஸ்வீடனில் பிறந்த 'கூப்' என்ற ஆட்டத்துக்கான அமெரிக்கத் தேசியப் போட்டி 2007 முதல் இங்கேதான் நடந்து வருகிறது. ஸ்வீடனின் கோட்லாந்து தீவில் ரோனே என்னும் சிற்றூரில் 1995 முதல் உலகப் போட்டி நடக்கிறது. ஆட்டம் எளிது. 8 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் கொண்ட களத்தின் இரு கோடிகளிலும் ஐந்தைந்து கட்டைகள் நிற்கும். நட்டநடுவில் ராஜா என்ற பெரிய கட்டை நிற்கும். ஒவ்வொரு அணியும் ஆறு எறிகட்டைகளைக் கையைத் தோளுக்கு மேல் தூக்காமல், தலைகுப்புறச் சுழலும்படி வீசி எதிரணியின் கட்டைகளைச் சாய்க்க வேண்டும். சாய்ந்த கட்டைகளை எதிரணி எடுத்து நம் பாதிக்குள் எறியும்; அவை விழுந்த இடத்திலேயே நிமிர்த்தி வைக்கப்படும், அடுத்த முறை அவர்கள் முதலில் அவற்றைச் சாய்த்தாக வேண்டும். எல்லாம் சாய்ந்த பின்னரே ராஜாவைச் சாய்த்து வெல்லலாம். இடையில் யாருடைய எறிகட்டையாவது தவறி ராஜாவைச் சாய்த்துவிட்டால், அந்த நொடியே அந்த அணி தோற்றது. பேரப்பிள்ளையும் தாத்தாவும் எதிரெதிரே நின்று ஆடி, யார் வெல்வார்கள் என்று சொல்ல முடியாத ஆட்டம் இது. பாதி ஆண்டு பனியில் கழியும் இந்த ஊரில், கோடை வந்ததும் தெருவில் பலரது வீட்டுப் புல்வெளியிலும் இந்தக் கட்டைகள் நிற்பதைப் பார்க்கலாம்.

பலரும் இதைக் கடையில் வாங்காமல் வீட்டிலேயே செய்துகொள்வதற்குக் காரணம், பார்த்தால் இதில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்று தோன்றுவதுதான். கட்டை ஒவ்வொன்றும் 7 செ.மீ. சதுரம், 15 செ.மீ. உயரம். ராஜா 9 செ.மீ. சதுரம், 30 செ.மீ. உயரம். எறிகட்டை 4.4 செ.மீ. விட்டமும் 30 செ.மீ. நீளமும் கொண்ட உருளை. இங்கே மரக்கடையில் 'நாலுக்கு நாலு' என்று விற்கும் சட்டம் உண்மையில் மூன்றரை அங்குலம்தான் இருக்கும். அது ஏறக்குறைய 9 செ.மீ. என்பதால் ராஜா தன் அளவில் தானே வந்துவிடுகிறார். எறிகட்டைக்கு ஒன்றே முக்கால் அங்குல உருட்டுக் கம்பு சரியாகப் பொருந்துகிறது. சிறு கட்டைக்குத்தான் தயார் அளவில் மரம் கிடைப்பதில்லை. பெரிய சட்டத்தை அறுத்தோ, இரண்டு பலகைகளை ஒட்டி இழைத்தோ 7 செ.மீ.க்குக் கொண்டுவர வேண்டும்.

ஆனால் உனக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது அளவைப் பற்றியது அல்ல, எடையைப் பற்றியது. ஆட்டத்தின் விதிப் புத்தகத்தில் நீளமும் அகலமும் எழுதியிருக்கும். மற்றப் பாதி விதியை மரம் எழுதுகிறது. கணக்குப் போட்டுப் பார். அந்த எறிகட்டையின் கன அளவு சுமார் 456 கன செ.மீ. மென்மையான பைன் மரத்தில் செய்தால் அது 180 கிராம் அளவில் நிற்கும். வன்மையான மேப்பிளில் செய்தால் 320 கிராமுக்கு வரும். பைன் எறிகட்டையைக் கையில் எடுத்தால் காற்றே அதைத் திசை திருப்பிவிடும் போலிருக்கும். பட்டாலும் கட்டை ஆடி நின்றுவிடும். அதே சமயம், நிற்கும் கட்டையையும் மேப்பிளில் செய்தால் அது அரைக் கிலோவைத் தொட்டுவிடும், சிறுவர்கள் எறிந்து சாய்ப்பது கடினம். ஆகவே எறிகட்டை கனமாகவும், நிற்கும் கட்டை அதைவிட இலேசான மரத்திலும் இருப்பதே குடும்பத்தோடு ஆடுவதற்கு ஏற்றது என்பது என் தீர்மானமான கருத்து. நாம் கிட்டிப்புள் ஆடிய நாட்களில் கொய்யாக் கிளையைத்தான் வெட்டிக்கொண்டு வர வேண்டும், முருங்கையைத் தொடவே கூடாது என்று பெரிய பையன்கள் சொல்லிக் கொடுத்ததும் இந்த அறிவுதானே.

மரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டியிருக்கிறது. தடித்த சட்டங்கள் பெரும்பாலும் சிறிய மரத்தின் நடுப்பகுதியை உள்ளடக்கியே அறுக்கப்படுகின்றன. சட்டத்தின் தலைப்பக்கத்தைப் பார்த்தால் ஆண்டு வளையங்கள் முழு வட்டமாக, நடுப்புள்ளியோடு தெரியும். மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்குவது, நடுவிலிருந்து வெளிநோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இந்த இழுபறியில் நடுப்புள்ளி உள்ள கட்டை வெடித்தே தீரும். வளையங்கள் வில் போலவோ நேர்கோடுகளாகவோ தெரியும் துண்டைத் தேர்ந்தெடுத்தால் அந்தத் தொல்லை குறைகிறது. அதனால்தான் ராஜாவையும் ஒரே சட்டத்தில் செய்யாமல், நன்கு காய்ந்த பலகைகளை ஒட்டிச் செய்வதை நான் விரும்புகிறேன். பூச்சி அரிக்காமல் இருக்க மருந்தேற்றிய மரத்தை இதற்குத் தொடுவதே இல்லை. இங்கே 2003 இறுதி வரை வீட்டு உபயோகத்துக்கு விற்ற அத்தகைய மரத்தில் ஆர்சனிக் கலந்திருந்தது. பழைய வேலிக்கம்பமோ திண்ணைக் காலோ இலவசமாகக் கிடைத்தாலும், குழந்தைகள் கையில் பிடித்து ஆடும் பொருளாக அது மாறக் கூடாது.

அறுப்பதில் ஒரு பழக்கம் எனக்கு மிகவும் பிடித்தமானது. முதல் துண்டை மட்டும் அளந்து அறுத்து, மூலைமட்டம் வைத்துச் சரிபார்த்த பிறகு, ரம்ப மேசையில் அந்த நீளத்துக்கு ஒரு தடைக்கட்டையை இறுக்கிவிடுகிறேன். அதற்குப் பின் அளவுகோலை எடுப்பதில்லை. மரத்தைத் தடையில் முட்டவைத்து அறுத்தால் பத்துக் கட்டையும் ஒரே நீளம். ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து கோடு போட்டால், பென்சில் கோட்டின் தடிமனே பிழையாகச் சேர்ந்துவிடும். நம் அணிக் கட்டைக்கும் எதிரணிக் கட்டைக்கும் வித்தியாசம் இருந்தால், தோற்றவருக்கு மரத்தின்மேல் சந்தேகம் வரும். அந்தச் சந்தேகத்துக்கு இடமே கொடுக்காத சாமானைச் செய்வதுதான் செய்பவனின் கடமை என்று நான் நினைக்கிறேன். அடிப்பக்கம் செங்குத்தாக அறுபட வேண்டும் என்பதும் இதே காரணத்தால்தான். சாய்வாக நிற்கும் கட்டை ஒரு பக்கத்து அடிக்குச் சட்டென்று விழும், மறுபக்கத்து அடியைத் தாங்கி நிற்கும்.

அறுத்த பின் எல்லா விளிம்புகளையும் மழுக்கிவிட வேண்டும். கூரான விளிம்பில்தான் மரம் சிலாம்பு சிலாம்பாகப் பிய்யத் தொடங்கும். சொரசொரப்பான 80 எண் தாளில் தொடங்கி 120, 220 என்ற வரிசையில் உப்புத்தாள் போட்டால் போதும். மேலே பளபளக்கும் வார்னிஷ் பூசுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கட்டையோடு கட்டை மோதும் ஆட்டத்தில் அது ஓடு ஓடாகப் பெயர்ந்துவிடும். ஆளிவிதை எண்ணெய் மரத்துக்குள் ஊறுகிறது, தேய்ந்தால் மறுபடியும் தடவிக்கொள்ளலாம். தண்ணீர் குடிப்பது தலைப்பக்கத்தின் வழியாகத்தான் என்பதால் அங்கே மட்டும் ஊற ஊற மூன்று நான்கு முறை தடவுகிறேன். ஒரு எச்சரிக்கையை நீ மறக்கவே கூடாது: இந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால், காயும்போது எழும் சூட்டில் அது தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைக்க வேண்டும், அல்லது தண்ணீரில் அமிழ்த்திவிட வேண்டும்.

பக்கத்து வீட்டாருக்காக இந்த ஆண்டு 'கார்ன்ஹோல்' பலகைகளும் செய்து கொடுத்தேன். 2 அடிக்கு 4 அடிப் பலகை, மேல்விளிம்பிலிருந்து 9 அங்குலத்தில் நடுவமைந்த 6 அங்குலத் துளை, பின்பக்கம் ஓர் அடி உயரம். 27 அடி தள்ளி நின்று தானியப் பையை எறிந்து துளைக்குள் போட வேண்டும். வேலை சுலபம், ஒரே பிளைவுட் தாளில் நான்கு பலகை கிடைத்துவிடும். மெல்லிய தாளை மட்டும் வாங்கக் கூடாது. அதில் பை துள்ளி வெளியே போகும். அரை அங்குலமாவது வேண்டும், அடியில் குறுக்குச் சட்டமும் வேண்டும். ஆனால் பள்ளிக்கு இதை நான் சொல்ல மாட்டேன். பிளைவுட் விலை அதிகம், மழையில் நனைந்தால் ஏடேடாகப் பிரியும், பையில் உள்ள தானியத்தை எலி தேடி வரும்.

மகள் தன் கையால் செய்த கோபுரக் கட்டைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1983இல் லண்டன் பொம்மைக் கண்காட்சியில் லெஸ்லி ஸ்காட் என்ற பெண்மணி அறிமுகப்படுத்திய ஜெங்கா ஆட்டத்தின் பெரிய வடிவம் அது. கட்டையின் நீளம் அகலத்தைப் போல மூன்று மடங்கு இருந்தால்தான் அடுக்கு சதுரமாக அமையும். மூன்றரை அங்குல அகலச் சட்டத்தைப் பத்தரை அங்குலத் துண்டுகளாக அறுத்தால், 8 அடிச் சட்டம் ஒன்றில் ரம்பம் தின்னும் தூளும் போக ஒன்பது கிடைக்கிறது. ஆறு சட்டத்தில் 54 துண்டு, ஆட்டத்துக்கு வேண்டியதும் அதுவே. இந்தக் கணக்கை அவள் தானே போட்டுக் கண்டுபிடித்தாள் என்பதில் எனக்கு அளவில்லாத மகிழ்ச்சி. அடுக்கின் மொத்த எடை 20 கிலோவைத் தாண்டும் என்பதால், சின்னக் குழந்தைகள் சுற்றி நிற்கும் இடத்தில் அதை வைக்க நாங்கள் விடுவதில்லை.

இனி உன் பள்ளிக்கு வருகிறேன். நான் சிபாரிசு செய்வது பின்லாந்தின் 'மோல்க்கி'. லஹ்தி நகரத்தில் 1996இல் உருவானது. கரேலியப் பகுதியின் பழைய கட்டை எறியும் ஆட்டம் ஒன்றின் வழிவந்தது. 15 செ.மீ. உயரமுள்ள, தலையைச் சாய்வாகச் சீவி 1 முதல் 12 வரை எண் எழுதிய பன்னிரண்டு உருளைக் கட்டைகள். எறிவதற்கு 22 செ.மீ.க்குச் சற்று மேல் நீளமுள்ள ஒரு கட்டை. அவ்வளவுதான் சாமான். மூன்றரை மீட்டர் தள்ளி நின்று எறிய வேண்டும். ஒரே கட்டை விழுந்தால் அதில் எழுதியுள்ள எண் நமக்குக் கிடைக்கும். பல விழுந்தால் விழுந்தவற்றின் எண்ணிக்கை மட்டுமே கிடைக்கும். சரியாக 50 எடுப்பவர் வென்றார். தாண்டிவிட்டால் 25க்குத் திரும்ப வேண்டும். விழுந்த கட்டையை விழுந்த இடத்திலேயே நிமிர்த்துவதால் களம் விரிந்துகொண்டே போகும். இதற்குப் புல்தரையும் வேண்டாம், உன் மைதானத்துச் செம்மண்ணே போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒரே நேரத்தில் கூட்டலும் குறியும் பழகும்.

மரம்? உருளையாகக் கடைய வேண்டிய அவசியமே இல்லை. பந்தலுக்கும் சாரத்துக்கும் விற்கும் சவுக்குக் கம்பே பிறவியில் உருளை. பின்லாந்தில் பிர்ச் மரத்தில் சுமார் 6 செ.மீ. விட்டத்துக்குச் செய்கிறார்கள், அந்த எறிகட்டை ஏறத்தாழ 400 கிராம் இருக்கும். சவுக்கு அதைவிட மிகவும் கனம். என் கணக்குப்படி 5 செ.மீ. விட்டமுள்ள சவுக்கை எடுத்தால் எடை அதே அளவுக்கு வந்து நிற்கும். ஆனால் சவுக்கு வெடிக்கும் மரம். வெட்டியதும் பட்டையை உரித்து, கம்பு நீளமாக இருக்கும்போதே இரு தலைகளிலும் மெழுகையோ கெட்டியான பெயின்டையோ பூசி, வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் அடுக்கி மெதுவாகக் காயவிடச் சொல். காய்ந்த பிறகு வெடித்த நுனிகளைக் கழித்துவிட்டு நடுப்பகுதியிலிருந்து துண்டு போடலாம். மெல்லிய கீறல் விழுந்தால் கவலைப்படாதே, சிலாம்பு கிளம்பாத வரை ஆட்டத்துக்குக் குறைவில்லை. உங்கள் அம்பாசமுத்திரம் கடைசல் சாமானுக்குப் பெயர் போன ஊர் ஆயிற்றே. மரத்தில் கடைந்த செப்பு விளையாட்டுச் சாமான் செய்யும் பெரியவர் யாரையாவது கேட்டால், எண்களின் மேல் ஏற்றும் அரக்கு வண்ணத்துக்கு நல்ல யோசனை சொல்வார். அவருக்குரிய கூலியைப் பள்ளி கணக்குப் பார்க்காமல் கொடுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். மரச் செலவுக்கும் கூலிக்கும் சேர்த்து என் பங்கை அனுப்பிவைக்கிறேன், மறுக்காதே.

உன்னிடம் எனக்கு ஒரு வேலை ஆக வேண்டும். காய்ந்த சவுக்கில் 5 செ.மீ. விட்டம், 22 செ.மீ. நீளத்துக்கு ஒரு துண்டு அறுத்து, மளிகைக் கடைத் தராசில் நிறுத்து எடையை எழுது. அது 450 கிராமைத் தாண்டினால் விட்டத்தைக் குறைக்கலாம், இல்லை வேறு மரத்துக்குப் போகலாம். உன் பதில் வந்ததும் கட்டைகளை முதலில் அடுக்கும் வரிசையைப் படமாக வரைந்து அனுப்புகிறேன். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

என்றும் அன்புடன்,
உன் பழைய நண்பன்