உன் ஆர்கான் புள்ளிகளைப் பற்றி

அன்பு நண்பா,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த வரைபடமும் கிடைத்தன. ஆய்வகப் பொறுப்பு உன் கைக்கு வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம். நான் வகுப்புகளைக் குறைத்துக்கொண்டேன். கணக்கீட்டை மட்டும் விட மனமில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆர்கான் அணுக்களில் மோதும் எலக்ட்ரான்கள் எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறுகின்றன என்று நீங்கள் அளந்தவை உன் புள்ளிகள், கோட்பாட்டிலிருந்து நான் கணக்கிட்டது கோடு. 40 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலில் உன் புள்ளிகள் மற்ற எல்லாக் கோணத்திலும் கோட்டின் மேல் அழகாக உட்கார்ந்திருக்கின்றன. சிதறல் மிகக் குறையும் 140 பாகையை ஒட்டிய குழியில் மட்டும் கோட்டுக்கு மேலே நிற்கின்றன. கோட்பாடு தவறு என்று எழுத மாணவர்கள் துடிக்கிறார்களாம். கொஞ்சம் பொறுக்கச் சொல்.

ஹைட்ரஜனில் நடந்தது நினைவிருக்கிறதா? 54.4 எலக்ட்ரான் வோல்ட்டில் எலக்ட்ரானை மோதவிட்டு அணுவை 2p என்ற உயர் ஆற்றல் நிலைக்குத் தூண்டி, சிதறிய எலக்ட்ரானையும் வெளிவரும் ஃபோட்டானையும் (ஒளித்துகளையும்) ஒருசேரப் பிடித்து அளந்தார்கள். 1980-ஐ ஒட்டி வந்த அளவீடுகளோடு, எலக்ட்ரான் பின்னோக்கித் திரும்பும் பெரிய கோணங்களில் எந்தக் கோட்பாடும் ஒத்துப்போகவில்லை. 1992-இல் பிரே, ஸ்டெல்போவிக்ஸ் என்ற இரு கோட்பாட்டாளர்கள் கொண்டுவந்த புதிய கணக்கீட்டு முறைக்கும் அதே கதி. கோட்பாட்டில்தான் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று பலரும் நம்பினார்கள். தொண்ணூறுகளின் கடைசியில் புதிதாக அளந்தபோது புள்ளிகள் கோட்டுக்கே வந்து சேர்ந்தன.

அதற்காகக் கோட்பாடுதான் எப்போதும் ஜெயிக்கும் என்று சொல்லவில்லை. 1921-இல் ஜெர்மன் இயற்பியலாளர் ராம்சாவர் ஆர்கானில் கண்டதை, அதாவது மெதுவான எலக்ட்ரான்கள் அணு இருப்பதே தெரியாதது போல் கடந்துபோனதை, அன்றைய இயற்பியலால் விளக்கவே முடியவில்லை. அங்கே சோதனைதான் வழிகாட்டியது.

உன் குழிக்கு வருவோம். உங்கள் கருவி ஒரே கோணத்தைப் பார்ப்பதில்லை, சில பாகை அகலத்தைப் பார்க்கிறது. இரண்டு கரையிலிருந்தும் எலக்ட்ரான்கள் உள்ளே வந்து குழியை நிரப்பிவிடும். என் கோட்டை அந்த அகலத்துக்குச் சராசரி எடுத்த பிறகுதான் உன் புள்ளிகளோடு ஒப்பிடலாம். அப்புறம், வாயுவை ஊசிமுனை வழியே விடாமல் பக்கவாட்டில் கசியவிட்டு எண்ணிப் பார்த்தீர்களா? வெற்றிடக் கலத்தின் அழுத்தம் அப்படியே இருக்கும், வாயுக் கற்றை மட்டும் இருக்காது. அப்போதும் வரும் எண்ணிக்கை முழுக்கப் பின்னணிதான். குழியில் அது பெரிய பங்காக இருக்கும்.

இன்னொன்று, எனக்கு இதுதான் முக்கியம். எண்ணிக்கையை உண்மையான சிதறல் அளவாக மாற்றும் அளவுகோலை எதை வைத்து நிர்ணயித்தீர்கள்? 60 பாகையில் என் கோட்டோடு பொருத்தியிருந்தால், மற்ற இடங்களில் ஒத்துப்போவதில் பாதி நாமே செய்துவைத்தது. ஹீலியத்தை அதே கருவியில் ஓடவிட்டு அதோடு ஒப்பிட்டு எடுங்கள். அதன் மீள்சிதறல், அதாவது அணுவைத் தூண்டாமல் எலக்ட்ரான் சிதறுவது, நன்றாகத் தெரிந்த ஒன்று.

கருவியின் கோண அகலத்தை எழுது. சராசரி எடுத்த கோட்டை உடனே போட்டு அனுப்புகிறேன். அதற்குப் பிறகும் புள்ளிகள் மேலேயே நின்றால், என் கணக்கை முதலிலிருந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் நண்பன்