சொன்னவளுக்கு என்ன நேர்ந்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் நாவல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாலியல் வன்முறையை இவர்கள் அளவுக்கு மீறி எழுதிவிட்டதாகவும், அதனால் கறுப்பின ஆண்கள் கொடியவர்களாகவே தெரிவதாகவும் கட்டுரையாளர் வருந்துகிறார். ஆலிஸ் வாக்கரின் ‘தி கலர் பர்ப்பிள்’ 1985இல் திரைப்படமானபோது அமெரிக்காவிலேயே எழுந்த குறைதான் இது. ஆனால், நடந்ததைச் சொல்ல வாய் திறக்கும் பெண்ணுக்கு அதன்பின் என்ன நேர்கிறது என்பதில்தான் இந்நாவல்களின் கவனம் குவிந்திருக்கிறது. கட்டுரை அதைத் தொடவே இல்லை.

கடவுளைத் தவிர யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று மிரட்டப்பட்டதால்தான் ‘தி கலர் பர்ப்பிள்’ நாவலின் பதினான்கு வயது நாயகி சீலி கடவுளுக்குக் கடிதம் எழுதுகிறாள். டோனி மாரிசனின் ‘தி புளூயஸ்ட் ஐ’ (1970) நாவலில், தகப்பனால் சீரழிக்கப்பட்ட பெக்கோலா தாயிடம் சொல்லியும் தாய் நம்பவில்லை. முடிவில் கற்பனைத் தோழி ஒருத்தியிடம் மட்டுமே அவள் பேசிக்கொண்டிருக்கிறாள். அந்தத் தகப்பன் சிறுவயதில் வெள்ளையர் துப்பாக்கி முனையில் பட்ட அவமானத்தையும் மாரிசன் விரிவாக எழுதுகிறார், அவன் செய்ததை மன்னிக்காமலே.

அவருடைய ‘பிலவ்ட்’ (1987) நாவலில், சேதி என்ற கர்ப்பிணி அடிமைப் பெண்ணைப் பிடித்துவைத்து, கைக்குழந்தைக்கென்று சுரந்திருந்த பாலை வெள்ளை இளைஞர்கள் உறிஞ்சிவிடுகிறார்கள். எஜமானியிடம் அதைச் சொன்ன குற்றத்துக்காகவே அவள் முதுகு பிளக்கும்படி சாட்டையடி விழுகிறது. பதினெட்டு ஆண்டுகள் கழித்து, அவளோடு அதே பண்ணையில் அடிமையாயிருந்த, அவள்மீது உண்மையான பரிவு கொண்ட பால் டி என்பவன் அந்தச் சாட்டையடியைப் பற்றியே கேட்கிறான்; அவளோ ‘என் பாலை எடுத்துக்கொண்டார்கள்’ என்றே திரும்பத் திரும்பச் சொல்கிறாள். எத்தனை முறை படித்தாலும் நெஞ்சு பதறும் பக்கம் இது.

கெயில் ஜோன்ஸின் ‘கொரெகிதோரா’ (1975) கட்டுரையில் இடம்பெறாதது பெருங்குறை. பிரேசிலில் அடிமை முறை ஒழிந்ததும் அதன் ஆவணங்கள் எரிக்கப்பட்டதால், தான் பெற்ற மகளையே சூறையாடிய பண்ணை முதலாளியின் கொடுமைக்குச் சாட்சி சொல்லப் பிள்ளை பெற்றுக்கொண்டே போக வேண்டும் என்று ஒரு குடும்பத்துப் பெண்கள் வாழ்கிறார்கள். ‘இதெல்லாம் உண்மையா?’ என்று கேட்ட அக்குடும்பத்து ஐந்து வயதுக் குழந்தை உர்சாவை அவளுடைய கொள்ளுப்பாட்டி அறைந்துவிடுகிறாள். வளர்ந்தபின் கருப்பையை இழக்கும் உர்சாவுக்குச் சாட்சி சொல்ல எஞ்சுவது புளூஸ் என்னும் கறுப்பினத்தவரின் சோகப் பாட்டுதான்.

இந்நாவலைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றையும், முடிந்தால் அதன் முதல் அத்தியாயத்தின் தமிழாக்கத்தையும் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகி,
திருச்சி